நேயோ அம்மாவின் பட்சி

மோசி தன் எஜமானுக்கு முதுகைக் காட்ட ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதுகு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது காட்டியது அதற்கும் பின்னால் இருப்பதை.

மோசி என்றால் எங்கள் பேச்சில் புகை. குதிரையின் நிறமும் அதுதான். அதற்குத் தண்ணீர் காட்டுவது, சோளத்தட்டை போடுவது, குளம்பில் சிக்கிய கல்லைத் தோண்டி எடுப்பது எல்லாம் நேயோ அம்மா. ஏறிக்கொண்டு ஊர் சுற்றுவது மட்டும் நேயோ அப்பா. எங்கள் லெசோத்தோ மலையில் பல வீடுகளில் வேலைப் பங்கீடு இப்படித்தான்.

அந்த ஞாயிறு முதல் மோசி அவரைக் கிட்டவே சேர்க்கவில்லை. அவர் சேணத்தோடு வந்தால் பட்டியின் மறுமூலைக்குப் போய்விடும். உள்ளங்கையில் உப்பை நீட்டினால், முன்பின் தெரியாத வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டதுபோலக் கூச்சத்துடன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தீனியிலும் பாதிதான் இறங்கியது. பகல் முழுக்கக் கல்சுவரின் மேல் தாடையை வைத்துக்கொண்டு மேட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது.

நேயோ அப்பாவுக்கு இது வந்த வேளை சரியில்லை. சனிக்கிழமை குதிரைப் பந்தயம். கொடி அசைத்து அதைத் தொடங்கிவைக்கிற பெருமை இந்த வருஷம் அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்கென்றே புதுக் கம்பளி வாங்கிப் போர்த்திக்கொண்டு, பழையதை மனைவியின் தம்பி மொகேதிக்குக் கொடுத்திருந்தார். இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு கொடி அசைப்பவர் நடந்து வந்தால் ஊர் சிரிக்காதா? ஆகவே தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: அதற்குள் மோசி வழிக்கு வராவிட்டால், பந்தயத்துக்கு வருகிற குதிரை வியாபாரியிடம் அதைத் தள்ளிவிடுவார்.

தாயில்லாக் குட்டியாக வந்த மோசியை அடுப்பங்கரையில் படுக்கவைத்து வளர்த்தவள் நேயோ அம்மா.

"இதுக்கு உடம்புல ஒண்ணுமில்ல. பட்சி சொல்லுது," என்றாள்.

"எது, உன் தங்கச்சி கல்யாணத்தன்னிக்குப் பனி கொட்டும்னு சொல்லுச்சே, அந்தப் பட்சியா? ஊரே ரெண்டு ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டு வெயில்ல வெந்துச்சு."

அவர் சொன்னது பொய்யில்லை. பெண்ணின் மாமா மயங்கியே விழுந்தார்.

அதனால் நேயோ அம்மாவுக்கே தன் பட்சிமேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அதுவும் பாதியைத்தான் சொல்லும். நோய் இல்லை என்றது. பிறகு என்னதான் என்று கேட்டால் அலகை மூடிக்கொண்டது. துணையில்லாத ஏக்கமோ என்று பக்கத்து வீட்டுக் கழுதையைக் கொண்டுவந்து விட்டாள். கழுதை மோசியின் தீனியைத் தின்றுவிட்டு, அவளை ஓர் உதையும் உதைத்துவிட்டுப் போனது. பாட்டுக் கேட்க ஆசையோ என்று மாதா கோயில் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினாள். மோசி கொட்டாவி விட்டது.

வெள்ளிக்கிழமை குதிரை வைத்தியர் த்சோலோ பெரியவர் வந்தார். காதை இழுத்துப் பார்த்தார். பூசணிக்காயைத் தட்டுவதுபோல வயிற்றைத் தட்டிப் பார்த்தார். குடல் முறுக்கு என்று சொல்லிவிட்டு, கற்றாழைக் கஷாயம் நிறைந்த பாட்டிலை எடுத்தார். அதன் வாடைக்கே சுவரில் இருந்த கோழி இறங்கிப் போய்விட்டது.

நேயோ அம்மா குதிரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். காரணம் கேட்டார்கள். அவளிடம் காரணம் ஏது? பட்சி வேண்டாம் என்கிறது, அவ்வளவுதான். வைத்தியருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பச்சப் புள்ளைக்கே குடுக்கலாம் தாயி இத. இந்தா பாரு," என்று மடக்மடக்கென்று நாலு வாய் குடித்துக் காட்டினார். பிறகு கஷாயத்தின் மகிமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர், ஒரு வார்த்தையைப் பாதியில் நிறுத்தி, பாட்டிலை நேயோ அப்பாவின் கையில் திணித்துவிட்டு, பாறைகளுக்குப் பின்னால் விரைந்தார். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

நேயோ அப்பா அசரவில்லை. குதிரை வயிறு பெரிசு, தாங்கும் என்று சொல்லி, அதன் தலையைத் தூக்கிக் கட்டக் கயிறு எடுக்க வீட்டுக்குள் போனார்.

நேயோ அம்மா மோசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். தற்செயலாக மேட்டுப் பாதையைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் இறங்கி வந்துகொண்டிருந்தார். சோளக்கதிர் போட்ட பழுப்புக் கம்பளி, சுருட்டு நெருப்புப் பட்டுப் பொசுங்கிய ஓட்டை, எல்லாம் அப்படியே.

"ஏங்க, கயிறு எடுக்க உள்ள போன மனுஷன் மேட்டுக்கு எப்பப் போனீங்க?" என்று கத்தினாள்.

அவள் கத்தி முடிக்குமுன் மோசி கனைத்தது. அவள் கையை உதறி, கல்சுவரைத் தாண்டி, மேட்டை நோக்கிப் பாய்ந்தது.

"என்ன கூப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து கயிறோடு நேயோ அப்பா வந்தார்.

நேயோ அம்மா அவரைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள். அங்கே, புருஷன் கொடுத்த பழைய கம்பளியில் நின்றது அவள் தம்பி மொகேதி. மோசி அவன் அக்குளில் மூக்கை நுழைத்து, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மலையில் தூரத்து ஆளைக் கம்பளியை வைத்துத்தான் அடையாளம் காண்போம். பத்து வருஷம் குடித்தனம் பண்ணினவளே ஏமாந்தாள் என்றால் குதிரையை என்ன சொல்ல? அவள் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மொகேதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. "நல்ல மனுஷன் யாருன்னு குதிரைக்குத் தெரியும் மச்சான்," என்றான்.

"என் குதிரைக்கு என்னடா வச்ச?" என்று நேயோ அப்பா கயிற்றைச் சுழற்றினார்.

நேயோ அம்மா எழுந்து போய்த் தம்பியின் கம்பளியைப் பறித்துப் புருஷன்மேல் போட்டாள். மோசி ஒரு கணம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு நேயோ அப்பாவின் அருகில் வந்து, பொசுங்கிய ஓட்டைக்குள் மூக்கை விட்டு நீளமாக மூச்சு வாங்கியது. அவர் உப்பை நீட்டினார். நக்கியது. அவர் அதன் நெற்றியைத் தடவி, "நாந்தான்டா," என்றார்.

வெறும் சட்டையோடு குளிரில் நடுங்கிய மொகேதிக்கு அக்காளின் கம்பளிதான் கிடைத்தது. பெண்கள் போர்த்துவதுபோல அதை மார்பில் ஊக்குக் குத்திக்கொண்டு முணுமுணுத்தபடி கிளம்பினான். பாறைப் பக்கம் போனபோது, த்சோலோ பெரியவர் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"நேயோ அம்மா, உன் பட்சி சொன்னது சரிதான் தாயி," என்றார் ஈனக்குரலில். "என்ன மன்னிச்சிரு. கொஞ்சம் தண்ணி மட்டும் கொண்டா."

மொகேதி குரலை மெல்லிசாக்கி, மன்னித்தேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொல்கிறான்.

பந்தயத்தன்று நேயோ அப்பா ஓட்டைக் கம்பளியோடு வந்தார். புதுக் கம்பளி மோசியின் முதுகில் கிடந்தது. அதன் வாசம் குதிரைக்குப் பழகட்டும் என்று பட்சி சொல்லியிருந்ததாம். ஊரே வந்து தடவிப் பார்த்து, எவ்வளவு பாந்தமாக இருக்கிறது என்று மோசியைப் பாராட்டியது. வியாபாரியும் விலை கேட்டு வந்தான். மோசி அவனுக்கு முதுகைக் காட்டியது. நேயோ அப்பா கொடியை அசைக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் தூரத்து ஊருக்குக் கிளம்பும்போது, பனி கொட்டும் என்று பட்சி சொல்வதாக நேயோ அம்மா சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் இரண்டு கம்பளியையும் போர்த்திக்கொண்டு குதிரை ஏறினார்.

அன்று அடித்த வெயிலைப் போல அந்த வருஷம் மறுபடி அடிக்கவில்லை.