வராத வாஷிங் மெஷின்

அந்த மருத்துவமனையின் தையல் அறையில் எல்லோரும் அவளை ‘பீரோ’ என்றுதான் கூப்பிட்டார்கள். பருமன் காரணமல்ல, ஆள் ஒல்லிதான். யார் எதைக் கொடுத்தாலும் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுப்பாள். வீட்டுச் சாவி, மருந்துச் சீட்டு, புருஷனுக்குத் தெரியாமல் சேர்க்கிற பணம், எல்லாம் அவளுடைய மேசை இழுப்பறைக்கு வந்துவிடும். அங்கே துணி வெட்டுகிறவருக்குக் கத்திரி என்று பெயர், வாயும் அப்படித்தான். “நம்ம பீரோவுல வச்சா கரப்பான் பூச்சிகூட எட்டிப் பாக்காது” என்பார். அதைக் கேட்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாக இருக்கும்.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிற கஷ்டம் அவள் வீட்டில் இல்லை. நாத்தனார் வந்திருந்தபோது அவளுடைய போனை இவள் வாங்கி மொட்டை மாடியில் படம் எடுத்துவிட்டு இறங்கினாள். படியில் கை நழுவிப் போன் நான்கு படி உருண்டு, கண்ணாடி தூளானது. “பரவாயில்ல அண்ணி. போன மாசம் வாங்கினதுதானே” என்றாள் நாத்தனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தப் ‘பரவாயில்ல’ அவளை இரண்டு நாள் அரித்தது. வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டால் கொடுத்திருப்பார்தான். கூடவே, “அடுத்தவங்க பொருள எதுக்குத் தொடற?” என்று தங்கை முன்னாலேயே கேட்டும் இருப்பார். அதற்குப் பயந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்டிருந்த கடன் கடைக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஏசி சில்லென்று இருந்தது. சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் போதும் என்றார்கள். இருபதாயிரம் கடன். பதினான்கு நாளில் திருப்ப வேண்டும். வட்டி மூவாயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு பதினேழாயிரத்தைக் கையில் கொடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், “வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?” என்று கேட்டு ஒரு மிட்டாயும் நீட்டினாள். தையல் அறையில் யாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

அந்தப் பதினேழாயிரமும் நாத்தனாரின் புதுப் போனுக்குப் போயிற்று. பதினான்காம் நாள் அவளிடம் இருபதாயிரம் இல்லை. எங்கிருந்து இருக்கும்? “அதனால என்ன மேடம், மூவாயிரம் மட்டும் கட்டுங்க. இன்னும் பதினாலு நாள் தள்ளி வச்சுக்கலாம்” என்றாள் அந்தப் பெண். இவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த தவணைக்கும் மூவாயிரம். அதற்கடுத்ததற்கும். இப்படி எட்டு முறை. ஒருநாள் நூல் சுற்றும் பாபின் டப்பாவின் மூடியில் பென்சிலால் கூட்டிப் பார்த்தாள். இருபத்திநாலாயிரம் கட்டியாகிவிட்டது, இருபதாயிரம் அப்படியே நின்றது. மூடியைத் தண்ணீர் தொட்டு அழித்தாள். இடையில் ஒரு தவணைக்குப் பணம் பற்றாமல், போனிலேயே கடன் கொடுக்கிற வேறொரு கம்பெனியிடம் பன்னிரண்டாயிரம் வாங்கியிருந்தாள். அதில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஐந்தாறு இடத்தில் அழுத்தச் சொன்னது. எல்லாவற்றையும் அழுத்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் தையல் அறையில் எல்லோருக்கும் மூத்தவரான பெரியக்கா ஓய்வு பெற்றார். முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் அங்கிகளுக்கு நாடா வைத்துத் தைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் கிடந்த தங்கையைக் கூட வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் இரண்டு போர்வையாவது கையால் அலச வேண்டும். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கிப் போயிருந்தன. “அக்காவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்துடலாம்” என்று கத்திரிதான் ஆரம்பித்தார். வார்டு ஆயாக்கள், சலவைப் பிரிவு, எல்லோரும் போட்டார்கள். இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு சேர்ந்தது. யாரிடம் கொடுத்து வைப்பது என்ற கேள்வியே எழவில்லை.

சனிக்கிழமை பிரிவு விழா. வெள்ளிக்கிழமை சம்பளம். வியாழக்கிழமை கண்ணாடிக் கடையில் தவணை. மறுபடி மூவாயிரத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு நாள்தானே, இந்தப் பணத்தை எடுத்து அந்தக் கடனை ஒரேயடியாக முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சம்பளத்தில் மெஷின் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் இருபதாயிரத்தைக் கட்டினாள். திரும்பி நடக்கும்போது நான்கு மாதத்தில் முதல்முறையாக உடம்பு லேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சம்பளம் இருபத்திநாலாயிரம் வந்தது. ஆறு பத்துக்கு அதில் பதினைந்தாயிரத்து அறுநூறு போய்விட்டது. போனில் கடன் கொடுத்த கம்பெனி தன்னுடைய கடனையும் அபராதத்தையும் அவள் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அழுத்திய ‘ஒப்புக்கொள்கிறேன்’களில் அதுவும் ஒன்று. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் குளியலறைக்குள்ளேயே போனில் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். வெளியே வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் தேடிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வெளியே வந்து பொத்தானைத் தேடிக் கொடுத்தாள்.

“கடையில இருப்பு இல்லையாம். பத்து நாள்ல வீட்டுக்கே கொண்டுவந்து வச்சிடறோம்னு சொல்லிட்டாங்க” என்று சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். பெரியக்கா எழுந்து, “இவ்வளவு பெரிய பொருள் எனக்கு எதுக்கு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்திரி, “கவலப்படாதீங்கக்கா, காசு பீரோவுல இருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மிச்சப் பணம் வாடகைக்குப் போயிற்று. வீட்டில் வாடகை அவள் பொறுப்பு. மாதத்தை ஓட்ட மறுபடி கண்ணாடிக் கடைக்குப் போனாள். பழைய வாடிக்கையாளர் என்று இந்த முறை பத்தே நிமிடத்தில் பத்தாயிரம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அடுத்த மாதச் சம்பளத்துக்கும் ஓட்டை விழுந்தது.

பெரியக்கா ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை போன் செய்வார். “கடையில ஏதாவது சொன்னாங்களாடி? அவசரமில்ல. குழாய்க்காரர் வந்து தண்ணி இணைப்பு போட்டுட்டாரு, அதான் கேட்டேன்.” இவள் ஒருமுறை லாரி வரவில்லை என்பாள், ஒருமுறை நிறம் மாறி வந்துவிட்டது என்பாள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பெரியக்காவின் போன் நின்றுபோனது. அப்பாடா என்று இருந்தது. அப்படித் தோன்றியதை நினைத்து, அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலேயே திரும்ப எடுத்துப் போனாள்.

ஏழாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, கத்திரி துணியை விரித்துக்கொண்டே சொன்னார்: “நேத்து பெரியக்காகிட்ட பேசினேன். மெஷின் ஜம்முனு ஓடுதாம். சத்தமே இல்லையாம். பீரோ நல்ல மெஷினா பாத்து எடுத்திருக்கா.”

அவள் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நேராகப் போகாமல் விரலோரம் இறங்கியது. “பாத்து தைக்கக்கூடாதா?” என்று பக்கத்து மெஷின்காரி பஞ்சு எடுத்துக் கொடுத்தாள்.  

மாலை வேலை முடிந்ததும் நேராகப் பெரியக்கா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் தங்கை கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். குளியலறையில் புதுக் குழாய் பளபளத்தது. அதன் கீழே ஒரு மெஷின் நிற்கும் அளவுக்குத் தரையைத் தேய்த்துச் சுத்தமாக விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு வாளிகூட வைக்கவில்லை. பெரியக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வா. டீ போடவா?”

“வேணாம்க்கா.”

“நீ டீ வேணாம்னு சொல்ற ஆளா? உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “மெஷின் ஓடுதுன்னு சொன்னீங்களாமே?”

“சொன்னேன்.”

“ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“பின்ன என்ன சொல்லச் சொல்ற?” பெரியக்காவின் குரல் உயர்ந்தது. கூடத்துப் பக்கம் பார்த்து மறுபடி தணிந்தது. “ஆளாளுக்குப் போன் பண்ணி எப்படிக்கா ஓடுதுங்கறாங்க. முப்பத்தொரு வருஷம் இருந்த இடம். பீரோ காச எடுத்துட்டான்னு என் வாயாலயா சொல்றது? எத்தன கிலோ மெஷின்னு ஒருத்தி கேட்டா. ஏழுன்னு சொன்னேன். பொய் சொல்லிச் சொல்லி, இப்பல்லாம் எனக்கே அது ஓடற சத்தம் கேக்குது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மூணாவது வாரமே நீ சொன்ன கடைக்குப் போனேன். நம்ம பேர்ல ஆர்டரே இல்லன்னுட்டான். ரெண்டு தடவ தேடிப் பாருங்கன்னு சொன்னேன். பின்னால நாலு பேர் நிக்கறாங்க. ஓசில மெஷின் கேட்டு வந்தவ மாதிரி என்னப் பாக்கறாங்க. ஒரு பல்பு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உடைந்த போன், மூவாயிரம், மறுபடி மூவாயிரம், காலை ஆறு பத்து. சொல்லச் சொல்ல எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. “திருடணும்னு எடுக்கலக்கா. மறுநாளே திருப்பி வச்சிடலாம்னுதான்...”

“ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

அவள் குழாய்க்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழம கத்திரியும் இன்னொருத்தியும் மெஷினப் பாக்க வரேன்னு சொல்லியிருக்காங்க” என்றார் பெரியக்கா. “அதுக்குள்ள நீயே சொல்லிடு. இதுக்குமேல என்னால ஆகாது.” பிறகு உள்ளே போனார். அலசுகிற சத்தம் கேட்டது. அவள் தானே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றே வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் கத்தவில்லை. “ஒரு போனுக்கா?” என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “ஒரு போனுக்கா?” என்றார். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பத்தாயிரத்தைக் கட்டி முடித்துவிட்டு, மாலை திரும்பியதும் ரசீதையும் இரண்டு மிட்டாயையும் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். “குடுத்தாங்க. நல்ல மரியாதையான ஆளுங்க” என்றார். நான்கு நாள் அவளிடம் அவர் பேசியது அவ்வளவுதான். மெஷின் பணத்தைத் தருவதாக அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தையல் அறையில் சொல்வதுதான் கொடுமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் டப்பாவைத் திறக்கும் முன், எழுந்து நின்று சொன்னாள்.  யாரோ ஓட விட்டிருந்த மெஷின் மட்டும் வெறுமனே ஓடியது. பக்கத்து மெஷின்காரி எழுந்து வந்து, இழுப்பறையைத் திறந்து, தான் கொடுத்து வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனாள். பதினோரு வருடம் தோளோடு தோள் உட்கார்ந்தவள்.

மருத்துவமனை ஊழியர் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அவள் விண்ணப்பத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நீட்டிக் கேட்க முகம் இல்லை. கடைசியில் கத்திரி வந்து பேனாவைத் திறந்தார். “உனக்காகப் போடல. ஞாயித்துக்கிழம நான் போய் மெஷின் எங்கன்னு கேட்டிருந்தா பெரியக்கா எங்க போய் நிப்பாங்க?” என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

இன்னொரு கையெழுத்து யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மூலையில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவள், இவளோடு ஒரு பழைய சண்டையில் பேச்சை நிறுத்தியவள். தாளை இழுத்துப் போட்டுக் கையெழுத்து வைத்தாள். நிமிர்ந்து பார்க்காமல், “எனக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு தெரியும்” என்றாள்.  

மெஷின் அடுத்த புதன்கிழமை பெரியக்கா வீட்டில் இறங்கியது. ரசீதின் நகலைத் தையல் அறைச் சுவரில் ஒட்டினாள். யாரும் ஒட்டச் சொல்லவில்லை. பீரோ என்று அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேறு பெயர் இல்லாததால், “இந்தாம்மா” என்றார்கள்.

பெரியக்கா ஒரு மாதம் போன் செய்யவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தார். “ஏய், இது சுத்தும்போது நடந்து வெளிய வருதுடி. எனக்குப் பயமா இருக்கு. வந்து பாரு.”

அவள் ஓடினாள். மெஷினின் கால் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. ஈரத் தரையில் மண்டியிட்டு, கையை அடியில் விட்டு, திருகி, மட்டம் பார்த்தாள். பெரியக்கா பொத்தானை அழுத்தினார். உள்ளே போர்வைகள் சுழன்றன.

“இப்ப ஆடலையே?”

“இல்லக்கா.”

“டீ போடறேன். குடிச்சிட்டுப் போ.”

“சரிக்கா” என்றாள். எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சரியாகிவிட்ட அந்தத் திருகையே இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.