முந்திக்கொள்ளும் குரல்

என் தங்கை மறுபடியும் முதுகடியாகத் தண்ணீரில் விழுந்தாள். முதுகில் ஓங்கி அறைந்தாற்போல் நீச்சல்குளம் முழுக்கக் கேட்டது சத்தம். நான் கரையில் வாயைத் திறந்தபடி நின்றேன். கத்த வேண்டிய சொல் இன்னும் நாக்கிலேயே இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உயர மேடையிலிருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதிப்பவளுக்கு, சுருண்டு சுழலும்போது வானம் எது, தண்ணீர் எது என்று புரியாது. கீழே நிற்பவர் பார்த்து, சரியான நொடியில் "விரி" என்று கத்துவார்; இதைத்தான் கூப்பிடுவது என்போம். அவள் உடனே உடம்பை நீட்டிவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. எங்கள் இருவருக்கும் அப்பாதான் கூப்பிட்டார். என் முழங்கால் போன பிறகு இவளுக்கு மட்டும். போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்ததும் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எலி கரையேறி வந்தாள். சின்ன வயதில் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள் என்று தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் அது.

"நான் இன்னும் கூப்பிடவே இல்லையேடி."

"அப்பா கூப்பிட்டாருக்கா. தொண்டைய ஒருதரம் செருமிட்டு, வழக்கம்போல."

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. "செத்தவர் வந்து கூப்பிடறாராம். போடி, போய்த் தலையத் துவட்டு" என்றேன். ஆனாலும் இவளுக்கு இட்டுக்கட்டிப் பேச வராது.

பயிற்சி மையத்தின் மனநல ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார். துக்கம் ஒரு பக்கம், அணித் தேர்வை நினைத்துப் பதற்றம் ஒரு பக்கம், இரண்டும் கைகோத்துக்கொண்டன என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். எலி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், மறுநாளும் முதுகடியாக விழுந்தாள். தேர்வு சனிக்கிழமை. அதிலும் இதே குதிப்புதான். கோணலாக விழுந்தால் அணியில் இடமில்லை. இன்னும் கோணலாக விழுந்தால் படுத்த படுக்கைதான்.

உடை மாற்றும் அறையில் அவள் முதுகுக்கு மருந்து தேய்த்தபடி கேட்டேன்.

"மேல நிக்கறப்போ பயமா இருக்கா? உண்மையச் சொல்லு."

"பயமெல்லாம் இல்லக்கா. அங்க மட்டுந்தான் அவர் பேசறாரு. வீட்ல அவர் ரூம்ல போய் உக்காந்து பாத்துட்டேன், ஒண்ணும் கேக்கல. சுத்தும்போது மட்டும் கேக்குது. அதுக்காகத்தான் ஏறறேன்."

"முதுகு ஒடிஞ்சா?"

"ஒடியாது. அவர் பாத்துக்குவாரு."

எனக்குப் பொறாமையாக இருந்தது. மூத்தவள் நான். ஒரு செருமல்கூட எனக்குக் கேட்கவில்லையே. அப்புறம்தான் ஒன்று உறைத்து, தேய்த்த கை நின்றது. கடைசி மாதங்களில் அப்பாவுக்கு மூச்சு வாங்கும். குரல் நேரத்துக்கு வராமல் போய்விடுமோ என்று பயந்து, கொஞ்சம் முந்தியே கத்திவிடுவார். எலி அப்போதே சற்றுச் சாய்வாகத்தான் விழுந்தாள். அவர் மனம் நோகுமே என்று நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"எலி, அவர் உன்னப் பாத்துக்கல. பயந்துபோய்க் கூப்பிடறாரு. அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகல. நீதான் சொல்லணும்."

"என்னன்னு?"

"அக்கா பாத்துக்குவா, நீங்க உக்காருங்கப்பான்னு."

அவள் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"சொன்னா போயிடுவாருல்ல?"

நான் மருந்துக் குப்பியை மூடினேன்.

சனிக்கிழமை மேடை விளிம்பில் நின்றபோது அவள் உதடு அசைந்தது. குதித்தாள், சுருண்டாள். நான் கூப்பிட்டேன். என் குரலுக்குத்தான் விரிந்தாள். தண்ணீர் தெறிக்கவே இல்லை. பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எலி ஏணிக் கம்பியைப் பற்றியபடி கரையேறாமல் தண்ணீரிலேயே நின்றாள்.

"செருமினாரு. அதோட நிறுத்திட்டாரு" என்றாள்.

இடம் கிடைத்துவிட்டது. யார் யாரோ வாழ்த்தினார்கள். அவள் சாப்பிடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. அப்பாவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். நல்லது செய்யப் போய் எனக்கு இந்தப் பெயர்.

அடுத்த வாரம் மறுபடி பயிற்சி. என்னைத் திரும்பியும் பார்க்காமல் மேலே ஏறினாள். குதித்தாள். சுருண்ட அந்த உடம்பு அன்றைக்கு ஏனோ மிகச் சின்னதாகத் தெரிந்தது. நான் தாமதித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அதுவரை நான் அப்படி நினைத்ததே இல்லை. மூச்சு முட்டியது. தொண்டை தானாகச் செருமியது.

"விரி."

முந்திவிட்டேன். வறண்டு, இளைத்து வந்தது அந்தக் குரல். அவள் உடனே விரிந்தாள். முதுகடியாக விழுந்தாள்.

நொண்டிக்கொண்டே விளிம்புக்கு ஓடினேன். எலி தண்ணீருக்கு மேலே வந்தாள். நன்றாக அடிபட்டிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் இத்தனை நாள் காணாத சிரிப்பு ஒன்று அந்த முகத்தில் இருந்தது. ஈரக் கையை நீட்டி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களாப்பா" என்றாள்.