துண்டு தலையில் இருக்கும்வரை ராஜா

விளையாட்டு என்றாலே எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சீட்டோ தாயமோ, கடைசியில் ஒருத்தன் வேட்டியை உதறிக்கொண்டு எழுவான், இன்னொருத்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புளியங்கொட்டை உருட்டும் சத்தம் கேட்டதும் செருப்புகூடப் போடாமல் போய் நின்றேன். பென்னலூரில் கம்பெனி ஆட்களுக்கு நான் வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளின் முன்னால், தகரக் கொட்டகையிலிருந்து வந்தது சத்தம்.

உருட்டிக்கொண்டிருந்தவன் என் குடித்தனக்காரன் வசந்தகுமார். ஃபிட்டர். பெண்சாதி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம், மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வெளியூர் ஆளை யாரும் லேசில் நம்பவில்லை. நான் அதற்கு முன்பும் நம்பியதில்லை. அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவன் பக்கத்துக் கொல்லைக்காரன் தணிகாசலம். எனக்கு மச்சான் முறை.

"இன்னாடா, துட்டு வெச்சு ஆடுறீங்களா?" என்றேன்.

"துட்டே கிடையாது பெரியவரே. கதைதான். நான் கதை சொல்லுவேன், நீங்க அதுல ஒரு ஆளா மாறிப் பேசணும்" என்றான் வசந்தகுமார்.

"ஜெயிக்கிறது யாரு?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்குடா ஆடுறது?"

தணிகாசலம் குறுக்கே புகுந்தான். "ஒக்காந்து பாரு மச்சான், அப்பறம் கத்து. நான் இப்ப ராஜாவா கீறேன். மரியாதையா பேசு."

உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இந்த ஆட்டத்துக்கு முதலில் ஒரு தடிப் புத்தகம் இருந்ததாம். இங்கிலீஷ். மெட்ராஸில் யாரோ சிநேகிதன் கொடுத்தது. எனக்கும் காட்டினான். ஒரு தடவை வாளை வீச நாலு பட்டியல் பார்க்கவேண்டும். பார்த்து முடிப்பதற்குள் எதிராளி கிழவனாகிச் செத்துப்போவான். அதை ஓரமாக வைத்துவிட்டு வசந்தகுமார் தானே ஒரு தாளில் எழுதி, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் போட்டு வைத்திருந்தான். ஒரு டீ விலைகூட ஆகியிருக்காது. அதில் மூன்றே சட்டம். ஊரையும் காட்டையும் கதை சொல்பவன் சொல்வான், நீ என்ன செய்கிறாய் என்பதை நீதான் சொல்லவேண்டும். துண்டு தலையில் இருந்தால் பேசுவது வேஷம், தோளுக்கு வந்துவிட்டால் பேசுவது நீ. தகராறு வந்தால், ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய ஐந்து புளியங்கொட்டையை உருட்டு. மூன்று வெள்ளை விழுந்தால் நீ நினைத்தது நடக்கும். அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், யாரையும் கேட்காமல் படித்து முடித்தேன். தடிப் புத்தகம் விற்பவன் உன் பையைப் பார்க்கிறான், கதையை அல்ல என்று அன்றைக்கே சொன்னேன்.

பிறகு ஏரிக்கோட்டை என்று நாலு பக்கத்தில் இன்னொன்றும் எழுதினான். செம்பரம்பாக்கம் மாதிரி ஒரு ஏரி, மதகுக்கு அடியில் சுரங்கம், நடுவில் கோட்டை. முதல் பக்கத்துப் படம் நன்றாக இருந்தது. மீதி மூன்று பக்கமும் பேய்க்கதை. அதை நானே சொல்லுவேன், அதற்கு ஏன் ஜெராக்ஸ்?

ஆனால் வாராவாரம் போனேன். நான் மலைக்கோட்டை ராஜா, தணிகாசலம் ஏரிக்கோட்டை ராஜா. என் மகள் கலைமதியும் வருவாள். செருப்புக் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறவள், ஞாயிறுதான் லீவு. அவள் திருடர் தலைவி. எங்கள் இரண்டு பேர் கோட்டையிலும் புகுந்து பானை பானையாக நெய் திருடுவாள்.

ஆட்டத்துக்கு வெளியே ஒரு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் தன் மகன் ஏகாம்பரத்துக்குக் கலைமதியைக் கேட்டு ஒரு வருஷமாகிறது. அவள் முடியாது என்றுவிட்டாள். ஏகாம்பரம் குடித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸை நடுரோட்டில் மறித்துச் சண்டை போட்டவன். அந்த பஸ்ஸுக்குள் அவளும் இருந்தாள். நான்தான் முகத்துக்கு நேரே சொல்லாமல், அறுப்பு முடியட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. கலைமதிக்கு ஓ.டி. நாங்கள் மூன்று பேர்தான். போர் முற்றிவிட்டது. கொட்டை எனக்கு ஒத்தே வரவில்லை. என் ஆட்கள் மதகடியில் மாட்டிக்கொண்டார்கள். சமாதானம் பேசவேண்டும். "ராஜா பொண்ணைக் குடுத்தா படை திரும்பும்" என்றான் தணிகாசலம். கதையில் எனக்குப் பெண்ணே கிடையாது. இருக்கட்டும், ஒன்றை உண்டாக்கினால் போகிறது என்றேன். அங்கே என் வெற்றிலைத் தட்டு கிடந்தது. தணிகாசலம் அதில் வெற்றிலையைப் பரப்பி, பாக்கு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். நான் வாங்கி, சுற்றித் திருப்பி, "எம் பொண்ண உம் புள்ளைக்குத் தரேன்" என்று அவன் கையில் கொடுத்தேன்.

அவன் வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தான். "வெள்ளிக்கிழமை பெரிய மனுசனைக் கூட்டிக்கினு வரேன் மச்சான். நாள் குறிச்சுடலாம்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒந்துண்டு எங்க கீது, பாரு."

தோளில் இருந்தது. வெற்றிலைத் தட்டைத் தொடும்போது தலைத்துண்டை எடுத்துவிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. கை தானாக எடுத்திருக்கிறது. நாற்பது கல்யாணத்தில் எடுத்த கை.

எங்கள் சாதிசனத்தில் வெற்றிலை மாற்றிய பேச்சை முறித்தவன் வீட்டில் பிறகு ஒருத்தரும் தட்டு மாற்ற வரமாட்டார்கள். முறித்தால் கலைமதிக்கு வேறு இடம் இல்லை. முறிக்காவிட்டால் ஏகாம்பரம்.

ஓ.டி. முடிந்து வந்த மகளிடம் நானே சொன்னேன். சாப்பாட்டுப் பையைக் கீழேகூட வைக்காமல் கேட்டாள்.

"ஏன் நைனா, மலைக்கோட்டை ஒண்ணு வெச்சினு இருந்தியே. எட்டு குதிரை. அதைக் குடுக்கக் கூடாதா? என்னைத்தான் குடுக்கணுமா?"

அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை வரை சோறு தொண்டையில் இறங்கவில்லை. வசந்தகுமாரைப் பார்க்கும்போதெல்லாம் திட்டினேன். அறையைக் காலி பண்ணச் சொன்னேன். அவன், "நான் எழுதின சட்டத்தை நானே மாத்திச் சொன்னா யாரு பெரியவரே நம்புவாங்க?" என்றான். அதுவும் சரிதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை தணிகாசலம் சலவை வேட்டியில் வந்தான். கூட வந்தவர் வடக்குப்பட்டு சுப்பராயன். எங்கள் சனத்தில் ஒரு வழக்கு என்றால் அவர் சொல்வதுதான் முடிவு. கொட்டகையில் உட்காரவைத்தோம். கலைமதி ஷிப்டுக்குப் போகாமல் கதவோரம் நின்றாள்.

சுப்பராயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வசந்தகுமாரைக் கூப்பிட்டு, "இன்னாபா, துண்டு தோள்ல இருந்தா அந்த ஆளே பேசற மாதிரின்னு நீதான் எழுதினியா?" என்றார். அவன் தலையை ஆட்டினான்.

பிறகு என்னிடம் திரும்பினார். "பரசுராமா, துண்டு எங்க இருந்தது?"

தலையில்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கலைமதி என்னையே பார்த்தாள். ஆனால் ஊரெல்லாம் பொய் சொல்கிறது என்று சந்தேகப்பட்டே வயசான எனக்கு, அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"தோள்லதான் இருந்தது."

தணிகாசலம் மூச்சை இழுத்து விட்டான். கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி மீனம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அவள் பிறந்தது வடக்குப்பட்டில். சொம்பை வைத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க" என்றாள். "எங்கூரு திரௌபதியம்மன் திருவிழாவுல கூத்து வுட்டாங்களே, அதுல திரௌபதி வேஷம் கட்னது யாரு?"

"நான்தான். அதுக்கின்னா இப்போ?" என்றான் தணிகாசலம்.

"தாலி கட்ன அர்ச்சுனன் யாரு?"

சுப்பராயன் இருமினார். அவரேதான்.

"தாலி கட்டறதுக்கு மின்னாடியே ஒங்க டோப்பா கயண்டு வியுந்துச்சேண்ணா. சனமே சிரிச்சுது. நான் மொத வரிசையில ஒக்காந்தினு இருந்தேன். மொட்டைத் தலையோட நின்னீங்க, அவரும் மூணு முடிச்சு போட்டாரு. அப்ப நீங்க திரௌபதியா, தணிகாசலமா?"

"கூத்து வேற, இது வேறம்மா."

"இன்னா வேற? அங்க டோப்பா, இங்க துண்டு. இவரு துண்டு எறங்கினதால எம்பொண்ணு ஒங்கூட்டு மருமவள்னா, நீங்க இத்தினி வருசமா அந்த அர்ச்சுனன் வூட்டுல இல்ல இருக்கணும்?"

முதலில் வசந்தகுமார்தான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். பிறகு சுப்பராயனுக்கு வயிறு குலுங்க ஆரம்பித்தது. தண்ணீரைக் குடிக்கப் போய்ப் புரை ஏறியது.

"வேணாண்டா தணிகாசலம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது செல்லும்னா அதுவும் செல்லும். ஒனக்கு சோறு போட என்னால ஆவாது. வூட்ல ஒருத்தியே போதும்."

"நான் ஒண்ணும் சோத்துக்கு வரல" என்று முறைத்தான் தணிகாசலம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வாயும் கோணிவிட்டது.

சுப்பராயன் எழுந்தார். "ஆட்டத்துல மாத்தின வெத்தலை ஆட்டத்தோட சரி. ஆனா பரசுராமா, வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லு. ஒரு வருசமா மழை மேல பழி போட்டினு."

"வேணாம் மச்சான்" என்றேன், தணிகாசலத்தைப் பார்த்து. "அவளுக்கு இஷ்டம் இல்ல." இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. ஒரு வருஷமாக இது எனக்குப் பெரிய மலையாக இருந்தது.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி. பழைய சோறும் வெங்காயமும் மீனம்மாள் போடப் போட இறங்கிக்கொண்டே இருந்தது. கலைமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எட்டு குதிரையும் பத்திரமா கீதா நைனா?" என்றாள். நாலைந்து நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொன்னேன்.

வசந்தகுமாரிடம் காலி பண்ண வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தத் தாளில் நாலாவதாக ஒரு சட்டம் எழுதவைத்தேன்: வெற்றிலைத் தட்டு ஆட்டத்துப் பக்கமே வரக்கூடாது. கலைமதிதான் எழுதினாள். இதற்குமேல் ஒரு வரி சேர்ந்தாலும் இந்த ஆட்டத்தை நம்பமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தணிகாசலம் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"ஏரிக்கோட்டை ராஜா வேஷம் காலியாத்தான் கீதா?"

"கீது. மலைக்கோட்டை ராஜாவுக்குப் பொண்ணு கெடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

"இந்த ராஜாவுக்கும் புள்ள கெடையாது. நெய்யி மட்டும் கீது."

"அது நேத்தே காணாம பூடுச்சு மாமா" என்றாள் கலைமதி.

அவன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் புளியங்கொட்டையை அவன் பக்கம் தள்ளினேன்.