முட்டைக்காகக் குளிர்ந்த வீடு

தெருவில் தார் உருகிக்கொண்டிருந்த மாதத்தில், எங்கள் வீட்டுக்குள் மூன்று பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தோம். எல்லாம் ஒன்பது முட்டைக்காக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடுங்கினவள் நான்.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். ஒரு கம்பெனியில் இருந்தார். போகிற வீட்டிலெல்லாம் மிஷினில் ஒரு கோளாறும் இல்லை, ஃபில்டரைக் கழுவினால் போதும் என்று சொல்லி, அவரே கழுவியும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு உதிரி சாமான்கூட விற்றதில்லை. கம்பெனியும் எவ்வளவு நாள்தான் பொறுக்கும்? வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வந்த மனிதர் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பூட்டினார். அது அன்றிலிருந்து தலைகீழாகச் சுற்றுகிறது.

விஷயம் தெரிந்ததும் என் அண்ணன் வந்தார். அவருக்கு ஹார்டுவேர் கடை. மாப்பிள்ளை நம் கடையிலேயே உட்காரட்டும், ஆணி நிறுத்துப் போடட்டும் என்றார். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அண்ணன் கடை ஆட்களிடம் பேசுகிற லட்சணம் எனக்குத் தெரியும். சாமான் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கிழி கிழியென்று கிழிப்பார். இவர் ஒரு வாரம் அங்கே உட்கார்ந்தால் அப்புறம் வீட்டில்கூடத் தலை நிமிர்ந்து பேச மாட்டார். அதே சமயம் அரிசி டப்பாவும் காலியாகிக்கொண்டிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் பார்த்தார். அங்கே எங்கள் கோழி நின்றிருந்தது.

அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது என் மாமனார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவார். மேனேஜர் காலையில் ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் குறை சொல்லும், முட்டை போடும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சேவல் சுவரேறி வந்து போகிறபடியால் எல்லாம் குஞ்சு பொரிக்கிற முட்டைதான். ஆனால் அடைக்கு உட்கார மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். காயப்போட்ட துணி சாயங்காலம் இன்னும் ஈரமாகக் கிடக்கிற புழுக்கம். அதில் றெக்கையை விரித்து முட்டை மேல் உட்கார அதற்கென்ன தலையெழுத்தா? முட்டையைப் போட்டதும் நேரே போய்க் குளியலறை ஈரத்தில் நின்றுகொள்ளும்.

தானே மிஷின் வைத்து முட்டையைப் பொரிக்கப் போவதாகவும், அதைப் பார்த்துக் கோழி வளர்க்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்றும் என் வீட்டுக்காரர் சொன்னார். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மூணு வாரம் தர்றேன் மாப்பிள்ளை. ஒரே ஒரு குஞ்சு வரட்டும், கடைப் பேச்சையே எடுக்க மாட்டேன். வரலைன்னா மறுநாள் காலையில கடைக்கு வந்துடணும்."

"சரி மச்சான்" என்று இந்த மனிதரும் கையைக் கொடுத்துவிட்டார்.

மிஷின் என்னவென்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லாமல் விடமாட்டேன். ஏசி அறைக்குள் குளிரை விடும்போது, வெளியே சுவரில் மாட்டியிருக்கிற பெட்டி சூட்டைக் கக்கும் இல்லையா? அந்தச் சூட்டை ஒரு குழாயில் பிடித்து ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் விட்டார். சூடு கூடினால் திறந்துவிட ஒரு மூடி. முட்டைக்கு ஈரம் வேண்டுமென்று ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒரு கிண்ணத்தில். வெளியிலேயே இந்த வெயில் அடிக்கிறதே, அது பத்தாதா என்று கேட்டேன்.

"வெயில் நம்ம பேச்சைக் கேக்குமா? மிஷின் கேக்கும்" என்றார்.

இருந்த பத்து முட்டைகளையும் செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்பதில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுப் பெட்டியில் வைத்தார். பத்தாவதை என் கையில் கொடுத்து, இது கூமுட்டை, குஞ்சுக்குத் தேறாது என்றார். ஆம்லெட்டுக்கு ஆகும் என்று அடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில், ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். அன்றைக்குப் பார்த்து கேஸ் தீர்ந்துபோனது. புது சிலிண்டர் வந்தபோது எனக்கு ஆம்லெட் நினைப்பே இல்லை.

பெட்டிக்குச் சூடு இடைவிடாமல் போக வேண்டுமென்றால் ஏசி ராப்பகலாக ஓட வேண்டும். அதுவும் குளிரைக் கடைசி வரை கூட்டி வைத்து. கதவைத் திறந்தால் திட்டுவார். அறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிட்டது. கல்யாணமான புதிதில் என்னைக் குளிர்ப் பிரதேசத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். பல வருஷம் கழித்து அந்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார், கூடவே அவர் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு.

மாமனாருக்கு மட்டும் ஏக சந்தோஷம். ஸ்வெட்டர், மப்ளர், காதை மூடுகிற குரங்குக் குல்லா எல்லாம் பரணிலிருந்து இறங்கின. அதே கோலத்தில் வெயிலில் டீக்கடைக்கும் போய்வருவார். தெருவே வேர்த்து வழிந்துகொண்டு அவரை வேடிக்கை பார்க்கும். என்ன பெரியவரே இது என்று கேட்டால், எங்கள் வீட்டு ஏசி அப்படி, மகன் கைவைத்தது என்பார்.

மேனேஜருக்குக் குளிர் வாசனை தெரிந்துவிட்டது. ஒரு நாள் கதவிடுக்கில் உள்ளே நுழைந்து என் தலையணையில் ஏறி உட்கார்ந்தது. பெற்ற தாய் ஏசியில் தூங்குகிறாள், நாங்கள் அவள் பிள்ளைகளுக்காக விறைத்துக் கிடக்கிறோம். விரட்டப் போனேன். இருக்கட்டும், களைப்பாக இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். என்ன வேலை செய்து களைத்தது என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மணிக்கொரு தரம் எழுந்து போய் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி, கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

கெடு முடிவதற்கு முதல் நாள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் டமார் என்று வெடித்தது. எங்கள் ஏசிதான் காரணம் என்று தெருவே சொன்னது. நானும் மறுக்கவில்லை. மறுநாள் காலையிலும் கரண்ட் வரவில்லை. அறையில் எண்ணெய் உருகியது, மாமனார் குல்லாவைக் கழற்றினார், மேனேஜர் குளியலறைக்குத் திரும்பிப் போனது. இவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. எங்கேயாவது ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குமா பார்க்கிறேன் என்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். தலைக்கு மேலே 'கீச்' என்றது. எலி என்று துடைப்பத்தை எடுத்தேன். மறுபடியும் 'கீச்'. ஸ்டூலில் ஏறிப் பார்த்தால், கிண்ணத்துக்குள் நனைந்த பஞ்சு மாதிரி ஒன்று, உடைந்த ஓட்டை மிதித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்துகிறது.

கூமுட்டை. யாரும் புரட்டவில்லை, யாரும் ஈரம் வைக்கவில்லை, யாரும் நடுங்கவில்லை. அடுப்புச் சூட்டிலும் ஊர்ச் சூட்டிலும் தானாகவே பொரிந்திருக்கிறது. ஸ்டூலில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. அந்த மனிதர் இதைப் பார்த்தால் என்ன ஆவார்?

வாசலில் அண்ணனின் பைக் நின்ற சத்தம் கேட்டது. குஞ்சை முந்தானையில் பொத்திக்கொண்டு பின்பக்கமாக ஓடி, பெட்டியைத் திறந்து உள்ளே விட்டு மூடினேன். திரும்பினால் மாமனார் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனும், ஜெனரேட்டர் கிடைக்காமல் திரும்பியிருந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்தே வந்தார்கள். அண்ணன்தான் பெட்டியைத் திறந்தார். குஞ்சு முட்டைகள் மேல் ஏறி நின்று கத்தியது. அதன் காலடியில் பெருக்கல் குறி போட்ட ஒன்பது முட்டைகளும் கீறல் விழாமல் முழுசாக இருந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். ஆணியை எண்ணி எண்ணியே வளர்ந்தவர்.

"ஓடு எங்க?"

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"தின்னுடுச்சு. பொறந்த பசியில முதல்ல ஓட்டைத்தான் திங்கும். முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தவன் சொல்றேன்."

கண்டக்டருக்கும் கோழிக்குஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணனுக்குத் தோன்றாதது என் நல்ல காலம். சொன்ன சொல் மாறாத மனிதர். அரை மனதாக மாப்பிள்ளை தோளில் தட்டிவிட்டுக் கிளம்பினார். என் வீட்டுக்காரர் அந்த ஒன்பது முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. கூடவே பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரும் வந்தார். பெரியவர் குல்லா போடுகிற அளவுக்கு தன் வீட்டு ஏசியையும் குளிர வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரர். என் வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு போனார். ஃபில்டரைத்தான் கழுவியிருப்பார், எனக்குத் தெரியாதா.

திரும்பி வந்து, நான் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறினார். தண்ணீர்க் குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. பலகையிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். உள்ளே கிடந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சில் குறி இல்லாத ஓடு.

கீழே இறங்கி, கிண்ணத்தை என் ஈரக் கையில் வைத்தார்.

"அடுத்த தடவை ஓட்டையும் சேர்த்துப் போட்டுடு" என்றார்.