வாலில் ஒட்டிய ஏழெழுத்து

1
இப்போதெல்லாம் எவனும் தலையை உபயோகிப்பதில்லை. கையிலிருக்கும் ஆங்கில எழுத்துகளைப் போனில் தட்டுகிறான், அவை அடங்கிய நீளமான சொல்லை அது துப்புகிறது. அதைப் பலகையில் பரப்பிவிட்டு, தானே பெற்றெடுத்ததுபோல உட்கார்ந்திருக்கிறான். லமாயும் அப்படித்தான் செய்தாள் என்ற சந்தேகத்தில் பிறந்தது இந்தக் கதை. நான் நாலாவதுக்கு மேல் போகாதவன். பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், மூடி வைத்துவிடுங்கள்.

2
முதல் வரி இப்படி வைத்தேன்: ‘ஹாட் யாய் நகரில் மழை கொட்டிய ஒரு மாலையில்...’

அன்று மழையே இல்லை. விட்டுவிட்டேன்.

கோ ஹெங்கின் காப்பிக் கடையில், ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கும் சொல்லாட்டம். எனக்கும் வாழைப்பழம் பொரித்து விற்கும் லமாய்க்கும் கடைசி ஆட்டம். ஜெயித்தவர் சந்தையின் சார்பில் பேங்காக் போட்டிக்குப் போகலாம். [எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. சொற்களை எழுத்துக் கூட்டமாக உருப்போடுவோம். பொருளுக்குப் புள்ளி கிடையாது. ஏழெழுத்து, எட்டெழுத்தோடு நிறுத்திக்கொள்வோம். பத்தெழுத்தை எவனும் தொடமாட்டான்.]

நான் க்யூ, யூ, ஏ மூன்றையும் வைத்தேன். க்யூவைக் கழித்துவிட்ட நிம்மதி எனக்கு. லமாய் கழிப்பறைக்குப் போய்வந்து, தன் ஏழு எழுத்தையும் அதன் வாலில் ஒட்டினாள். குவாரண்டைன். பத்தெழுத்து.

(முதல் வடிவில் அவள் கையில் போனை வைத்து எழுதியிருந்தேன். நான் பார்க்கவில்லை. எடுத்துவிட்டேன்.)

3
“உள்ள போய் போன்ல பாத்தியா?”

“எண்ணெக் கையோட போனத் தொடுறதா? சந்தேகம்னா சவால் விடுங்கண்ணே. சொல்லு சரியா இருந்து உங்க முறை போச்சுன்னா என்னத் திட்டாதீங்க.”

சவால் விட்டேன். கோ ஹெங் அகராதியைப் புரட்டினார்.

“இருக்குய்யா.”

என் முறையும் போயிற்று, ஆட்டமும் போயிற்று.

“சொல்லு இருக்கு. இவகிட்ட எப்படி வந்துச்சு?” என்றேன்.

“சொல்லிடு லமாய்,” என்றார் கோ ஹெங். “போன்ல பாத்திருந்தா இனிமே இந்த மேசைல உனக்கு எடமில்ல.”

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“கொரோனாவுல எம்புருசன வெளையாட்டு மைதானத்துல அடைச்சாங்கல்ல. என்னை உள்ள விடல. கேட்டுல இந்தச் சொல்லு எழுதின பலகைதான் தொங்குச்சு. அவரு திரும்பல.”

“பலகைல நம்ம எழுத்துலதான போட்டிருப்பான்?” என்றேன்.

“மேல நம்ம எழுத்து. கீழ இங்கிலீசு. நம்ம எழுத்தப் படிச்சா அழுகை வந்துச்சுண்ணே. அதான் கீழ இருந்ததையே பாத்துக்கிட்டு நின்னேன்.”

4
முடிவு ஒன்று: நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். [கேட்கவில்லை.]

முடிவு இரண்டு: அவள் போனை வாங்கிப் பார்க்கிறோம், அதில் ஒன்றுமில்லை. [அழித்திருக்கலாம்.]

முடிவு மூன்று: மறுநாள் மைதானத்துக்குப் போனேன். பலகை இல்லை. கேட்டில் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று தொங்கியது. கம்பியில் எதை வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம்.

இது நடந்தது. ஆனால் முடிவாகவில்லை.

கடைக்குத் திரும்பினேன். கோ ஹெங் கேட்டார், “பேங்காக்குக்கு யார் பேரக் குடுக்கட்டும்? நீ புகார் பண்ணா அவ போக முடியாது.”

“அவ பேரயே குடு.”

“அப்ப நம்புறே.”

“அப்படி எப்பச் சொன்னேன்?”

அவள் பார்த்தாளா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெளியே அவள் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். போன், தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தாண்டி நடந்தேன். அதன்மேல் எண்ணெய்க் கறை இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.