எட்டு மாதப் பூச்சுக்கு எத்தனை பங்கு

1

இந்தக் கதை ஆடிட்டர் அம்மா கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. “நீங்க எவ்வளவு போட்டீங்க?” என்றார். நான் யோசிப்பதற்குள் மச்சான் ரசீதுக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டான்.

முதல் தொடக்கம்: பொழுது புலரும் வேளையில், பாழடைந்த வீடொன்று தன் கதையை—

(விட்டுவிட்டேன். நாங்கள் அந்த வீட்டைப் பார்க்கப் போனது உச்சிவெயிலில். வீடு ஒன்றும் சொல்லவில்லை; கூரை ஓட்டை வழியே வெயில் ஒழுகியது.)

இரண்டாம் தொடக்கம்: நான் கொத்தனார். என் மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறான். இரண்டு குடித்தனம் வாடகைக்கு விடலாம் என்று ஓர் இடிந்த வீட்டை வாங்கினோம். பணம் அவன் போட்டான், வேலை நான் பார்த்தேன்.

இது தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தாலும் நேராக நிற்கிறது. இருக்கட்டும்.

2

ஆடிட்டரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. ஆனால் சிமெண்டு அப்பிய செருப்போடு நின்ற என்னை, “அப்படியே வாங்க” என்றவர் அவர். எப்படி மனம் வரும்?

“மூணு வழி இருக்கு. சொந்தப் பேர்ல வச்சா, வாடகை உங்க வருமானத்தோட சேர்ந்து வரி வரும். கூட்டுன்னா, தொழில்ல வர்ற கடனுக்கு ரெண்டு பேரும் பொறுப்பு. கம்பெனின்னா வீடு கம்பெனியோடது. நஷ்டம் வந்தா பெரும்பாலும் அதோட நின்னுடும். ஆனா கம்பெனி ஒரு வரி கட்டும், லாபத்தை நீங்க எடுத்தா அதுக்கு இன்னொரு வரி.”

“கம்பெனின்னா தனி ஆளா?” என்றேன்.

“தாள்ல அப்படித்தான். சோறு கேக்காது, வரி மட்டும் கட்டும்.”

“எங்க மாமாவுக்கு நேர் எதிர்,” என்றான் மச்சான்.

சிரித்துக்கொண்டே கம்பெனி என்று முடிவு செய்தோம்.

3

சிக்கல் இனிமேல்தான். எட்டு மாதம் கூலி வாங்காமல் பூசினேன். கூலிக்கென்று ஒரு சீட்டுகூட எழுதவில்லை. சொந்த வீட்டுக்குப் பூசுகிறவன் யாரிடம் சீட்டு நீட்டுவான்?

“இப்ப பில் கொடுத்தா செலவுல சேர்த்துடலாம், கம்பெனிக்கு வரி குறையும்,” என்றார் ஆடிட்டர். “இல்ல, உழைப்புக்குப் பங்கு எழுதலாம். ரெண்டு பேரும் ஒத்துக்கணும். அதுக்கும் உங்களுக்கு வரி வரலாம்.”

“பில்லே போட்டுடுங்க மாமா. கூலி மொத்தமா கைக்கு வந்துடும்ல.”

அவன் குரலில் கள்ளமில்லை. (இருந்திருந்தால் சண்டை போட்டுக் கதையை முடித்திருப்பேன்.)

வீட்டில் மனைவி கேட்டாள்: “கூலி வாங்கிட்டா அந்தக் கம்பெனிக்கு நீங்க யாரு?”

“கொத்தனார்.”

“அதுதான் எல்லா வீட்டுக்கும் இருக்கீங்களே.”

“உன் தம்பிதானே, பங்கை நீயே கேளேன்.”

“பூசினது நானா?”

4

முடிவு ஒன்று: கூலி வாங்குகிறேன். அந்தத் தெருவழியாகப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரை—

(வேண்டாம். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மச்சான் தானாகவே “பாதி உங்களுக்கு மாமா” என்கிறான். இதை அழகாக எழுதினேன். ஆனால் அவன் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாவதை நான் எழுத முடியாது. கம்பெனித் தாள்களில் கையெழுத்து திங்கட்கிழமை. நேருக்கு நேர் கேட்க எனக்கு வாய் வரவில்லை; அதனால்தான் இவ்வளவு தாளை வீணாக்கினேன். மற்ற வாசகர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள்; இதை முதலில் படிக்கப்போவது மச்சான்தான்.

மாப்ள, கீழே இடம் விட்டிருக்கிறேன். என் பங்கு எவ்வளவு என்று நீயே எழுது.

.................