துருக்கிப் படமும் ஒரு வகிடும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை என்னுடையதில்லை. எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், கறிக்கடைக்காரர் வீட்டில், ஒரு ஞாயிறு மதியம் அது தன்பாட்டில் நடந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுச் சங்கதியை எடுப்பது எனக்குப் புதிதில்லை, எழுதுவதுதான் புதிது.

"திரையெங்கும் ரத்தம் பீறிட" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். ரத்தத்தை நான் பார்க்கவே இல்லையே. கறிக்கடைக்காரர் வாங்கிய புது டிவி சுவரில் பாதியை அடைத்திருந்தது. அதன் ஓரத்தில் முக்காலியைப் போட்டு, படம் பார்க்கிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். அதைவிட நல்ல இடம் எந்தத் தியேட்டரிலும் கிடையாது.

2

துருக்கிப் பேய்ப் படம். பெயர் வாயில் நுழையவில்லை. மூன்று அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு அடியில் கிணறு தோண்டுகிறார்கள். தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது. கீழே ஓடிய எழுத்தை யாரும் படிக்கவில்லை. அலறலுக்கு எதற்கு மொழிபெயர்ப்பு?

[இந்த இடத்தில் பயம் என்பது என்ன என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

தினமும் விடியுமுன் ஆட்டைத் தோலுரிக்கிற கறிக்கடைக்காரர் பத்தாவது நிமிடம் தலையணையில் முகத்தைப் புதைத்தார்.

"என்ன தம்பி, நீயே இப்படின்னா?" என்றார் மூன்றாம் மாடி அம்மா.

"அது தொழில்மா. இது அநியாயம்" என்றது தலையணை.

அந்த அம்மா கண் சிமிட்டவில்லை. மடியில் கடலைத் தட்டு. "தோண்டினது போதும், மேல வாடா" என்று துருக்கிக்காரனைத் தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு மகள், விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் மருமகன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் முகம்.

3

இந்த மருமகனை எழுதும்போதுதான் என் பேனா நொண்டுகிறது. நல்லவராக எழுதினால் சப்பென்று இருக்கிறது. மர்மமானவராக எழுதினால் பொய்யாகிறது.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். உண்மையில் பிணவறையில் வேலை. மகளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.* அம்மாவுக்குத் தெரியாது. ஒருமுறை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதற்கு, அந்த நாற்காலியை இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டவர் அந்த அம்மா. மருமகன் குடியிருப்பதோ அவர் வீட்டில். விஷயம் தெரிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் எந்தப் பக்கம் நிற்பாளோ.

(* எல்லார் துணியும் மொட்டை மாடியில் ஒரே கொடியில்தான் காய்கிறது. சீருடைப் பையின் உள்பக்கம் துறையின் பெயரைத் தைத்துவைப்பது ஆஸ்பத்திரியின் குற்றம், என் குற்றமில்லை.)

4

படத்தில் மூத்தவன் இளையவனை மேசையில் கிடத்திக் கழுத்திலிருந்து தொப்புள்வரை பிளந்தானாம். விளக்கை அணைத்துவிட்டு மேலே போனானாம்.

"அப்படியே போட்டுட்டுப் போறானே" என்றார் மருமகன். குரலில் நிஜமான கோபம். "தைக்க வேண்டாமா? வீட்டுக்காரங்க வந்து பாப்பாங்கல்ல?"

அம்மா மெதுவாகத் திரும்பினார். "தைப்பாங்களா?"

இந்த இடத்தில் மருமகனுக்கு ஒரு பொய் எழுதிக் கொடுக்க நினைத்தேன். 'எங்கயோ படிச்சேன் அத்த.' எழுதியும் பார்த்தேன். அந்த மனுஷன் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் தைப்பேன், அத்த."

"ஆய்வகம்னு சொன்னீங்க."

"அதுக்குப் பக்கத்து அறை."

மகளின் விரலிடுக்கு மூடிக்கொண்டது. தலையணை எட்டிப் பார்த்தது. நான் மருமகன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன்.

அம்மா கடலைத் தட்டைக் கீழே வைத்தார். "தைச்சுட்டு?"

"ஈரத்துணியால முகத்தைத் துடைப்பேன். ரத்தம் ஒரு சொட்டு தெரியக் கூடாது. அப்புறம் தலை வாரிவிடுவேன்."

"எப்படி?"

"இடப்பக்கமா வகிடு எடுத்து. என் கைக்கு அப்படித்தான் வரும். அவங்கவங்களுக்கு எந்தப் பக்கம்னு அங்க யாரக் கேக்கிறது?"

5

இப்போது நான் ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மகளுக்குக் கல்யாணப் பேச்சே இல்லாத காலம். அந்த அம்மாவின் கணவர் லாரியில் அடிபட்டு, அதே ஆஸ்பத்திரியின் பிணவறையிலிருந்து வீட்டுக்கு வந்தார். நானும் போய் நின்றேன். லாரி மோதிய முகம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மதியத் தூக்கம் போல இருந்தது. வகிடு மட்டும் பக்கம் மாறியிருந்தது. ஆயுள் முழுக்க வலப்பக்கம் வாரிய மனுஷன். "யாரோ உக்காந்து வாரிவிட்டிருக்காங்க" என்று அந்த அம்மா அந்தத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கலைத்து மாற்றவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்களின் லட்சணம் பாருங்கள் என்று அதை ஆறு வருஷமாக வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தவள் நான்.

அன்று வேலையில் இவர்தானா? அங்கே இரண்டு பேர் உண்டு. நான் விசாரிக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

6

முடிவுகள் சில எழுதினேன். அம்மா அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். (அவர் அப்படிப்பட்டவரில்லை.) மகளை இழுத்துக்கொண்டு மாடியேறுகிறார். (ஏறக்கூடியவர்தான்.) "கடலை எடுத்துக்குங்க மாப்ள" என்கிறார். (இது எனக்குப் பிடித்தது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

நடந்தது இவ்வளவுதான். அம்மா எழுந்து மருமகன் முன்னால் போய் நின்றார். கை மேலே எழுந்தது. மருமகன் தலை குனிந்துகொண்டார். அறையவா, வருடவா, அந்தக் கைக்கே அப்போது தெரிந்திருக்காது.

நான் எழுந்தேன். கறிக்கடைக்காரரை முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து கதவைச் சாத்தினேன்.

"அக்கா, இது என் வீடு" என்றார், தலையணையைக் கட்டிக்கொண்டு.

"தெரியும். சும்மா நில்லுங்க."

உள்ளே துருக்கிக்காரர்கள் போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. (காது வைத்துப் பார்த்தேன்.)

மறுநாள் அந்த அம்மா வீட்டில் மருமகன் உட்காரும் நாற்காலி வெயிலுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். ஒரு வாரமாக நான் மொட்டை மாடிக்கே போகவில்லை. என் துணியெல்லாம் அடுக்களையில் காய்கிறது. நாலே மாடிதான், நீங்கள் ஏறிப் போய்ப் பாருங்கள். வந்து என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.